குழந்தை இருக்கும் வீட்டில் மாட்டிய பாதுகாப்புச் சாமான் ஏன் நிற்பதில்லை? புகார் வாரியாகச் சரிசெய்யும் வழி

கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். குழந்தை தவழத் தொடங்கிய வீட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் புகாரோடுதான் வருகிறார்கள். "அண்ணா, கபோர்டு லாக் ஆன்லைன்ல வாங்கி ஒட்டினேன், ரெண்டு நாள்ல பிச்சு எடுத்துட்டான்." "தம்பி, தாழ்ப்பாள் ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்குப்பா." அவர்களுக்குப் புதுசாக இன்னொரு லாக் விற்பது எனக்குச் சுலபம். ஆனால் கோளாறு லாக்கில் இருப்பது அபூர்வம். சுவரில் இருக்கும், ஸ்க்ரூவில் இருக்கும், மாட்டிய உயரத்தில் இருக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பல நேரம் ஒரு டீ செலவுதான்.

எதை முதலில் செய்வது என்ற வரிசையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீரும் பூச்சிமருந்து பாட்டிலும் இன்றைக்கே. கபோர்டு கதவை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

"மூடி போட்டு வெச்சாலும் டிரம்மைத் திறந்துடுறா"

ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் நீல டிரம், அண்டா, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்காமல் முடியாது. தவழும் குழந்தைக்கும் புதிதாக நடக்கும் குழந்தைக்கும் உடம்பின் அளவுக்குத் தலைப்பாரம் அதிகம். எட்டிப் பார்க்கும்போது தலை உள்ளே போய்விட்டால் கையை ஊன்றி எழத் தெரியாது. மூழ்கிவிடப் பக்கெட் அடியில் இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். சினிமாவில் காட்டுவதுபோல் குழந்தை தண்ணீரைத் தட்டிக் கத்திக் கூப்பிடாது. பக்கத்து அறையில் இருக்கிறவருக்குக்கூடத் தெரியாது.

முதலில் மூடியைப் பாருங்கள். சும்மா மேலே உட்காரும் மூடியா, இரும்பு வளையம் போட்டு நெம்பி இறுக்கும் மூடியா? வளையம் உள்ளதென்றால் வளையத்தைத் தேடி எடுத்து மாட்டுங்கள். பல வீட்டில் அது தேவையில்லை என்று மொட்டைமாடியில் கிடக்கும். பழைய டிரம் வாங்கினால் இந்த வளையத்தோடு கேட்டு வாங்குங்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். கெமிக்கல் வந்த டிரம் குடிதண்ணீருக்கு ஆகாது.

சும்மா உட்காரும் மூடியாக இருந்தால், தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி எதிரெதிராக இரண்டு துளை போட்டு, நட்டு போல்ட் கொக்கி இரண்டு மாட்டுங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, மூடியின் குறுக்கே இழுத்துக் கொக்கியில் மாட்டிவிடலாம். பெரியவர்களே கொஞ்சம் பலம் போட்டு இழுத்தால்தான் வர வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கம் வேண்டும். டியூபில் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

பக்கெட்டுக்கு மூடி தேட வேண்டாம். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். பாத்ரூம் கதவின் வெளிப்பக்கம், ஆள் உயரத்தில், 4 அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும்.

தரைக்குள் இருக்கும் சம்ப் தொட்டிதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. சிமெண்ட் மூடி உடைந்துபோய், "இப்போதைக்கு" என்று ஒரு பிளைவுட் துண்டை வைத்து மேலே கோணியைப் போட்டிருப்பார்கள். திறந்து கிடக்கும் தொட்டியைவிட இது மோசம். பார்த்தால் தரை மாதிரி இருக்கும், நனைந்து ஊறிய பிளைவுட் பெரியவரின் எடையையே தாங்காது. வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து, ஆங்கிள் சட்டமும் தகடும் வைத்த மூடி செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் ஆல்ட்ராப் (பூட்டு மாட்டும் பெரிய தாழ்ப்பாள்), அதில் பூட்டு. சாவி பூட்டிலேயே தொங்கக் கூடாது. இந்த வேலையில் மட்டும் காசு பார்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்ட் தொட்டிக்கு மூடி போட முடியாது. அதைச் சுற்றி வெல்டு மெஷ் கட்டி, மாடு வரும் பக்கம் மட்டும் ஒரு படல் வையுங்கள். சில வீடுகளில் கட்டுத்தறிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரே ஒரு தடுப்பு வைத்து முடித்திருக்கிறார்கள். அதுவும் நல்ல யோசனைதான்.

"எட்டாத இடத்துலதான் வெச்சிருந்தோம், எப்படி எடுத்தான்னே தெரியல"

மாம்பூ விடும் காலத்தில் தோப்புக்கு அடிக்கிற மருந்து, பட்டுப்புழு மனைக்கு வாங்கிய பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட், பெயிண்ட் தின்னர், மண்ணெண்ணெய். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் விவசாய வீடுகளில் இவற்றில் குறைந்தது மூன்று இருக்கும். எட்டாத உயரம் என்பது குழந்தை ஸ்டூலை இழுக்கக் கற்றுக்கொள்ளும் நாள்வரைதான். அதனால் உயரத்தை நம்பாமல் பூட்டை நம்புங்கள். பரணில் கிடக்கும் பழைய தகரப் பெட்டியை இறக்கி, கொண்டியில் ஒரு சின்னப் பூட்டுப் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலான இடத்தில் வைத்துவிடுங்கள். ஸ்பிரேயர், அளவு மூடி, மருந்து கலக்கிய குச்சி எல்லாம் அதற்குள்ளேயே போகட்டும். பிளீச்சிங் பவுடரை மட்டும் தனியாக வையுங்கள், ஆசிட்டோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

இன்னொன்று பெட்டியால் தீராது. மிச்சமான மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம். பாட்டிலைப் பார்த்தால் குழந்தைக்குத் தாகம்தான் நினைவு வரும். மருந்து வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். லேபிளும் கிழியாமல் இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதே அதைத்தான்.

குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக்கரைசல், பால், எண்ணெய் எதையும் புகட்ட வேண்டாம். மண்ணெண்ணெயும் தின்னரும் வயிற்றில் செய்வதைவிட, வாந்தியில் நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் கேடு அதிகம். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வெற்றிலை போடும் பாட்டி இருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை அமுக்கினால் வெடித்து நேராகக் கண்ணில் தெறிக்கும். சுண்ணாம்பு கண்ணின் கருவிழியையே அரித்துவிடும். பட்டுவிட்டால் கசக்க விடாமல், இமையைத் திறந்து பிடித்து, நல்ல தண்ணீரை 20 நிமிடமாவது ஊற்றிக்கொண்டே இருங்கள், அப்புறம் கண் டாக்டர். பாட்டியிடம், "அம்மா, பாக்கெட் வேண்டாம், இந்தத் திருகுமூடி டப்பாவில் வையுங்க" என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தாலே போதும்.

"ஒட்டின லாக் உதிர்ந்து விழுது"

சுவரை விரல் நுனியால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அடித்த சுவர் அல்லது பழைய டிஸ்டெம்பர். அங்கே எந்த ஊர் டேப்பும் நிற்காது. டேப் பிடிப்பது பொடியை, பொடி பிடிப்பது ஒன்றையும் இல்லை. அங்கே ஸ்க்ரூதான்.

சமையலறை சன்மைக்கா கதவு என்றால் தாளித்த எண்ணெய்ப் புகை மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த பிறகு மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து இன்னொரு முறை துடைத்து, ஒட்டி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு நாள் முழுக்க அந்தக் கதவைத் தொடாதீர்கள். ஒட்டிய கையோடு இழுத்துப் பார்ப்பதால்தான் பாதி லாக் விழுகிறது.

நம் பக்கம் நிறைய வீட்டில் சமையலறையில் கதவே கிடையாது, கடப்பாக்கல் தட்டுதான். அதற்கு லாக் தேடி அலைய வேண்டாம். கீழ்த்தட்டில் எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா, கரண்டி என்று குழந்தை உருட்டினாலும் பரவாயில்லாத சாமானை வையுங்கள். கத்தி, அரிவாள்மனை, கண்ணாடி, ஊறுகாய் ஜாடி மேலே போகட்டும்.

"ஸ்க்ரூ பிடிக்கவே மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு"

எனக்குப் பிடித்த புகார் இது, ஏனென்றால் விடை தரையிலேயே கிடக்கும். டிரில் போடும்போது கொட்டும் தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. அப்புறம் சிவப்பாக மாறினால் செங்கல், நல்ல இடம். கடைசிவரை சாம்பலாகவே, மணல் மணலாக வந்தால் இரண்டு செங்கலுக்கு நடுவே இருக்கும் சாந்தில் போட்டிருக்கிறீர்கள். ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்திப் போடுங்கள். பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தமாதிரி உள்ளே போனால் அது ஹாலோ பிளாக். ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவருக்குள் அடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் நிற்காது, ஹாலோ பிளாக்குக்கு என்றே கேட்டு வாங்குங்கள்.

பிட் அளவும் பிளக் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். பிளக் விரலால் தள்ளினாலே உள்ளே போனால் துளை பெரிது. சுத்தியால் நாலு தட்டுத் தட்டித்தான் போக வேண்டும். துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டதா? 8 மி.மீ. போட்டு அதற்கேற்ற பிளக், நீளமான ஸ்க்ரூ. பழையபேட்டைப் பக்கம் உள்ளதுபோன்ற பழைய வீடுகளில் மண்சாந்துச் சுவர் இருந்தால் அதுவும் தாங்காது. மரக்கட்டையை ஆப்பு மாதிரி செதுக்கி அடித்து, சுற்றிச் சிமெண்ட் பூசி, இரண்டு நாள் விட்டு, கட்டையிலேயே ஸ்க்ரூ போடுங்கள். தாத்தா காலத்து முறை, இன்றைக்கும் அதுதான் நிற்கிறது.

மரக்கதவில் துளை தேய்ந்திருந்தால் தீக்குச்சியின் மருந்தை உடைத்துப் போட்டுவிட்டு, குச்சியைப் ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, காய்ந்தபின் அதே ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

"பீரோ ஆடுது"

ஆடுவதை மட்டும் சரிசெய்தால் போதாது. ஆடாத பீரோவும் குழந்தை டிராயரை இழுத்து அதில் ஏறி நின்றால் முன்னால் சாயும். தலைப்பக்கம், சுவரை ஒட்டி, இரண்டு எல் ஆங்கிள். ஸ்டீல் பீரோவுக்கு இரும்பு பிட்டால் மேல்தகட்டில் துளை போட்டு நட்டு, போல்ட், வாஷர், சுவர்ப்பக்கம் பிளக். தூள் சிவப்பாக வருகிற இடத்தில்தான், சொன்னேன் அல்லவா. டி.வி. ஸ்டாண்டுக்கும் இதே வேலை. டி.வி. மேல் பொம்மையையோ ரிமோட்டையோ வைத்தால் ஏறச் சொல்லி அழைப்பதுபோல.

ரிமோட் என்றதும் நினைவுக்கு வருகிறது. பட்டன் பேட்டரி போடும் சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை இவற்றின் மூடி ஸ்க்ரூ இல்லாமல் இருந்தால் நல்ல டேப்பால் சுற்றிவிடுங்கள். தொண்டையில் சிக்கிய பட்டன் பேட்டரி 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். "வெளிக்குப் போனால் வந்துவிடும்" என்று காத்திருக்கும் விஷயமே இல்லை.

"டம்மி பிளக்கைப் பிடுங்கி வாயில போட்டுக்குறான்"

அப்படியென்றால் சாக்கெட் துளையை மூடச் செருகிய அந்த டம்மி பிளக்கை எடுத்துவிடுங்கள். கையில் பிடுங்க வருகிறதென்றால் அது இறுக்கமாக உட்காரவில்லை. போதாததற்குத் தொண்டையில் அடைக்கும் அளவிலும் இருக்கிறது.

இப்போது வருகிற நல்ல மூன்றுதுளைச் சாக்கெட்டில், கீழ் இரண்டு துளையையும் உள்ளே ஒரு சின்னத் தடுப்பு மூடியிருக்கும். பிளக்கின் நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் அது விலகும். மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை பளிச்சென்று தெரிந்தால் தடுப்பு உடைந்திருக்கிறது அல்லது அந்த மாடலில் கிடையாது, சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். பயன்படுத்தாத தாழ்வான பாயிண்டை எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, மூடுதகடு போட்டுவிடலாம். நூறு ரூபாய்க்குள் முடியும் சாமான்தான்.

மெயின் போர்டில் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு சுவிட்ச் வேண்டும். உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்கு ஒழுகும்போது அது கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் அதற்கும் தெரியாது, அதனால் சாக்கெட் தடுப்பு அவசியம்தான். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள், விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியன். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

திண்ணையில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டரை மறக்க வேண்டாம். பூட்டு வைத்த தகரப் பெட்டிக்குள் போகட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குளிருக்குப் பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடும் வீடுகளில், ராடு ஓடும்வரை பாத்ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டே வையுங்கள். சுடுநீர் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

"உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுவுறா"

இப்போதே அழுதுகொண்டிருந்தால், முதலில் ஜன்னல் வழியாகக் குச்சி நுழையுமா பாருங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உள்ளே அடுப்போ தண்ணீரோ இருந்தால் யோசிக்காமல் கதவை உடையுங்கள்.

இனி நடக்காமலிருக்க, கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றக்கூடத் தேவையில்லை. தாழ்ப்பாள் தண்டு நகரும் வழியில், அதன் முனைக்கு நேர் எதிரே ஒரு ஸ்க்ரூவைப் பாதி முடுக்கி நிறுத்துங்கள். தண்டு அங்கேயே முட்டி நிற்கும். பெரியவர்களுக்கான தாழ்ப்பாளை 5 அடி உயரத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். காற்றில் கதவு அறைந்து விரல் நசுங்காமலிருக்க, உள் கைப்பிடிக்கும் வெளிக் கைப்பிடிக்குமாக ஒரு தடித்த துணியைக் கதவின் விளிம்பைச் சுற்றிக் கட்டுங்கள். கதவு முழுசாகச் சாத்தாது. கீல் பக்கம் விரல் விடும் குழந்தைக்கு இது போதாது, பகலில் கதவைத் திறந்தே வைத்து ஸ்டாப்பரில் மாட்டுங்கள்.

"கேட் போட்டேன், அதுலயே ஏறுறான்"

கேட்டில் குறுக்குக் கம்பி இருக்கிறதா? அது ஏணி. பால்கனி, மாடிப்படி கிரில்லுக்கும் இதே கதைதான். நர்சரிக்கு வாங்கும் ஷேட் நெட் நம் ஊரில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. உட்பக்கமாக இறுக்கிக் கட்டிவிட்டால் கால் வைக்க இடம் இருக்காது. கேபிள் டை கறுப்பாக வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் பொடிப்பொடியாக உடையும். வால்பகுதியைக் கட்டரால் ஒட்ட வெட்டுங்கள், கத்தரித்த முனை பிளேடு மாதிரி கீறும். கம்பிக்குக் கம்பி 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் உடம்பு நுழைந்துவிடும். அங்கே நெட் போதாது, இடையே ஒரு கம்பி பற்றவைக்க வேண்டும்.

படிக்கட்டின் மேல்முனையில் அழுத்தி நிற்கும் ரகக் கேட் கூடாது, ஸ்க்ரூ போட்டதுதான். பிளைவுட் பலகை, இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள் இருந்தால் கார்பெண்டர் அரை நாளில் முடிப்பார். படிப்பக்கம் திறக்காமல் அறைப்பக்கம் திறக்கும்படி சொல்லுங்கள்.

"தொட்டில் கொக்கி சத்தம் போடுது"

சத்தம் வந்தால் எண்ணெய் விடுவதற்கு முன் கொக்கியை இறக்கிப் பாருங்கள். எஸ் கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, ஆடி ஆடி வளையம் ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கிறதா? எஸ் கொக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு டி ஷேக்கிள் (குறுக்கே பின் திருகி மூடும் இரும்பு வளையம்) மாட்டுங்கள், ஆட்டத்தில் பின் கழன்று வராமல் அதை ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் தொட்டில் என்றால் ஸ்பிரிங் உள்ளே ஒரு சங்கிலி ஓட வேண்டும், ஸ்பிரிங் அறுந்தாலும் சங்கிலி பிடிக்கும்.

குழந்தை தூங்கி எழுந்ததும் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள், அல்லது மேலே தூக்கி முடிச்சுப் போடுங்கள். சும்மா தொங்கும் தொட்டிலில் அக்காவோ அண்ணனோ சுற்றி விளையாடும்போது கழுத்தில் முறுக்கிக்கொண்ட செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது.

"மூலைக்கு ஒட்டின ஃபோமைக் கடிச்சுத் திங்குறா"

மேஜையை நகர்த்திவிடுங்கள். நகர்த்த முடியாத திண்டு, சிமெண்ட் மேடை என்றால் ஏசி பைப்புக்குப் போடும் கறுப்பு ஃபோம் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டி, மேலே துணி சுற்றி இறுக்கித் தைத்துவிடலாம்.

இந்த வேலை எதையும் குழந்தை தூங்கும்போதோ அக்கம்பக்கத்து வீட்டில் இருக்கும்போதோ செய்யுங்கள். முடிந்ததும் வாங்கிய ஸ்க்ரூவை எண்ணுங்கள், மாட்டியதை எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு துணியில் சுற்றித் தரை முழுக்க ஓட்டுங்கள். பித்தளை ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும் காந்தத்தில் ஒட்டாது, கேபிள் டை வாலும் அப்படித்தான். அதற்குக் குழந்தை தவழும் உயரத்தில் முட்டி போட்டு, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீளமாக நிழல் விழும், கட்டிலுக்கு அடியில் கிடந்தாலும் தெரிந்துவிடும்.